பழைய வயலினும் ஏலச் சுத்தியலும்

கோடை விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய என் அறை நண்பர், ஊரிலிருந்து முறுக்கும் ஊறுகாயும் கொண்டு வந்ததோடு ஒரு பழைய வயலின் பெட்டியையும் கொண்டு வந்தார். அது அவருடைய தாத்தாவின் சொத்து. தாத்தா காலமான பிறகு பல ஆண்டுகள் பரண்மேல் கிடந்ததாம். அறைக் கதவைத் தாளிட்டுவிட்டு, வயலினைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "உள்ளே பாரப்பா, என்ன எழுதியிருக்கிறது?" என்றார்.

மேற்பலகையில் இருக்கும் வளைந்த துளையின் வழியே பார்த்தேன். பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ், கிரெமோனா, 1721' என்று பொருள்படும் இலத்தீன் எழுத்துக்கள். நண்பர் அதற்குள் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். அதே 1721-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் ஒன்று 2011-இல் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருக்கிறது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 70 கோடி ரூபாய்! "அவ்வளவு வேண்டாம். அதில் நூறில் ஒரு பங்கு வந்தால் போதும். அப்பாவின் கடன் தீரும், தங்கையின் படிப்பு நிற்காது" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

நான் சிறுவயதில் நான்கு ஆண்டுகள் வயலின் பயின்று, வர்ணத்தோடு நிறுத்திக்கொண்டவன். ஆனாலும் விடுதியில் என்னை விட்டால் வேறு 'வித்துவான்' இல்லை. ஆகவே, இந்த ஏல விவகாரத்தை ஆராயும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடி நான் அறிந்தவற்றை நம் மலரின் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

கிரெமோனாவின் செல்வம்

இத்தாலியின் வடபகுதியில் கிரெமோனா என்று ஒரு சிற்றூர். பதினாறாம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி என்ற கைவினைஞர் அங்கே பட்டறை அமைத்து வயலினுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தார். அந்த மரபில் தோன்றியவர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி. 1737-இல் தொண்ணூறு வயது கடந்து இறக்கும்வரை அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. அவர் செய்தவற்றுள் ஏறத்தாழ 650 கருவிகள் இன்றும் உள்ளன. அவருக்கு அடுத்த புகழ் ஜுசெப்பே குவார்னேரிக்கு உரியது. அவர் 1744-இலேயே இறந்துவிட்டதால் அவர் கருவிகள் இன்னும் அரியவை.

இவை எப்படிச் சந்தைக்கு வந்தன என்பதும் சுவையான கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஜி தாரிசியோ என்றொருவர் இத்தாலியக் கிராமங்களில் அலைந்து, பண்ணை வீடுகளிலும் மடங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த பழைய வயலின்களை வாங்கினார். புதிய வயலின் ஒன்றைக் கொடுத்து, 'பழைய உடைசலை' வாங்கிக்கொள்வார். 1827 முதல் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் விற்றார். 1854-இல் அவர் மிலானில் இறந்த செய்தி கேட்டதும், பாரிஸ் வணிகரும் சிறந்த வயலின் கைவினைஞருமான வியோம் விரைந்து சென்று, உறவினர்களிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை மொத்தமாக வாங்கினார். அவற்றுள் ஒன்றுதான் 1716-இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'மெசையா' என்னும் வயலின். இன்று அது ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

வியோம் பழைய வயலின்களை விற்றதோடு, அவற்றைப் பார்த்து அச்சு அசலாகப் புதியனவும் செய்தார். அவற்றுக்குள் ஸ்ட்ராடிவாரியின் சீட்டையும் ஒட்டினார். பின்னர் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் பட்டறைகள் பெருகின. இலட்சக் கணக்கான மலிவு வயலின்கள் அதே சீட்டோடு உலகெங்கும் கப்பலேறின. 'இந்த மாதிரியைப் பின்பற்றியது' என்பதே அந்தச் சீட்டின் பொருள். வாங்கிய காலத்தில் யாரும் ஏமாறவில்லை. இரண்டு தலைமுறை கடந்து, வாங்கியவர் மறைந்து, பெட்டி பரணுக்குப் போன பிறகுதான் மயக்கம் தொடங்குகிறது.

சீட்டு சான்றாகுமா?

ஏல நிறுவனத்தார் உள்ளே ஒட்டிய சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார்களாம். முதலில் தலைச்சுருளின் செதுக்கு, துளைகளின் வளைவு, விளிம்பில் பதித்த மெல்லிய கோடு, வார்னிஷின் நிறம் ஆகியவற்றைப் பார்த்து, 'இது இன்னார் கை' என்று வல்லுநர் ஒருவர் கூறவேண்டும். அவர் எழுத்தில் தரும் சான்றுதான் கருவியின் சாதகம். இலண்டனில் ஹில் சகோதரர்களின் நிறுவனம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும், அவர்கள் எழுதிய சான்றிதழுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

ஏலப் பட்டியலின் மொழியைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். 'இன்னார் செய்தது' என்றால் நிறுவனம் அதை நம்புகிறது என்று பொருள். 'இன்னாருடையதாகக் கருதப்படுவது' என்றால் ஐயம் கலந்திருக்கிறது. 'இன்னார் பட்டறை' என்றால் சீடர்களின் கை. 'இன்னார் பெயர்ச்சீட்டு உடையது' என்றால், சீட்டு மட்டுமே உண்டு. வேறு எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல என்று பொருள். நான்கு சொற்றொடர்களுக்கும் பார்வைக்குச் சிறு வேறுபாடுதான். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

வல்லுநரே வணிகராகவும் இருந்தால் என்ன ஆகும்? வியன்னாவில் டீட்மார் மாகோல்டு என்ற புகழ்பெற்ற வயலின் வணிகர் இருந்தார். மதிப்பு மிக்கவை என்று சொல்லி அவர் வங்கிகளில் அடகு வைத்த வயலின்கள், பின்னர் ஆராய்ந்தபோது அற்ப விலையுள்ளவை என்று தெரிந்தது. 2012-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. வங்கிகள் நம்பியது மரத்தை அன்று, அவருடைய வாய்ச்சொல்லை.

இக்காலத்தில் அறிவியலும் துணைக்கு வந்திருக்கிறது. வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் மரத்தால் ஆனது. குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளர்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் ஒடுங்கும். பலகையில் தெரியும் கோடுகளை அளந்து, ஆண்டு தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டால், அந்த மரம் எந்த ஆண்டு வரை உயிரோடு நின்றது என்று கணிக்கலாம். 'மெசையா' போலி என்று ஒரு சர்ச்சை எழுந்தபோது இந்த முறையையே கையாண்டார்கள். அதன் கடைசி வளையம் 1687-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டார்கள். இதனால் 'ஸ்ட்ராடிவாரிதான் செய்தார்' என்று மெய்ப்பிக்க முடியாது. ஆனால், வளையம் 1850 என்று காட்டியிருந்தால், 'அவர் செய்யவில்லை' என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். பொய்யைப் பிடிக்கும் இந்தக் கருவிக்கு மெய்யை நிறுவும் ஆற்றல் இல்லை.

ஏலக் கூடத்தில்

ஏலத்திற்குச் சில நாட்கள் முன்பு கருவிகளைப் பார்வைக்கு வைப்பார்கள். வாங்க விரும்புவோர் கையில் எடுத்து வாசித்தும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 'இதிலிருந்து இதுவரை போகலாம்' என்று ஒரு மதிப்பீடு அச்சிட்டிருக்கும். 'இதற்குக் கீழே கொடுப்பதில்லை' என்று விற்பவரோடு பேசி வைத்த விலை ஒன்று உண்டு. அது வெளியே தெரியாது. கேள்வி அந்த விலையை எட்டாவிட்டால் பொருள் சொந்தக்காரருக்கே திரும்பும்.

சுத்தியல் விழும்போது கூவப்படும் தொகைக்கு மேல், வாங்குபவர் ஏல நிறுவனத்திற்குத் தனிக் கட்டணம் தரவேண்டும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் சதபீஸ் நிறுவனம் 'யோவாகிம்-மா' என்ற 1714-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரியை ஏலம் விட்டது. சுத்தியல் விழுந்தது 1 கோடி டாலரில். கட்டணம் சேர்த்து வாங்கியவர் கொடுத்தது 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அந்த வயலினுக்கு முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடோ 1 கோடியே 20 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை! ஆகவே, பெரிய பெயர் இருந்தாலும் கேட்ட விலை கிடைக்கும் என்பது உறுதியில்லை. 2014-இல் ஸ்ட்ராடிவாரியின் அரிய வயோலா ஒன்றுக்கு 4½ கோடி டாலருக்குக் குறையாமல் மூடிய உறையில் விலை கேட்டார்கள். வாங்க ஆள் இல்லை.

இப்போது பெரும்பகுதி ஏலம் இணையத்தின் வழியாகவே நடக்கிறது. நண்பரின் தூக்கத்தைக் கெடுத்த அந்த 1721 வயலினும் அப்படி விற்றதுதான். அதன் பெயர் 'லேடி பிளண்ட்'. கவிஞர் பைரனின் பேத்தியான ஆன் பிளண்ட் சீமாட்டியிடம் இருந்ததால் வந்த பெயர். 1971-இல் இலண்டனில் அது 84,000 பவுனுக்கு விற்றபோதே உலகம் மூக்கில் விரல் வைத்தது. நாற்பது ஆண்டுகளில் அது 98 லட்சம் பவுன் ஆயிற்று. விற்றவர்கள் ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளையினர். 2011-இல் அந்நாட்டைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் துயருற்றவர்களுக்கு அந்தப் பணம் முழுவதையும் வழங்கினார்கள்.

அவ்வளவு விலை போகக் காரணம் என்ன? அது புத்தம் புதிதுபோல் இருந்தது. வார்னிஷ் தேயவில்லை, விளிம்பு மழுங்கவில்லை. ஏன் தேயவில்லை? முந்நூறு ஆண்டுகளில் அதை வாசித்தவர்கள் மிகச் சிலர்! பெரும்பாலும் சேகரிப்போரின் பேழையிலேயே அது உறங்கியிருக்கிறது. பாடாமல் இருந்த தொண்டைக்கே பரிசு என்பது போன்ற இந்த நியாயம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2022-இல் 1 கோடியே 53 லட்சம் டாலருக்கு விற்ற 'டா வின்சி' வயலினை ஒரு காலத்தில் வைத்திருந்தவர் டோஷா சைடல் என்ற கலைஞர். ஹாலிவுட் படங்களில் அதன் ஒலி கேட்டது. அங்கே வாசித்தவரின் பெயரும் விலையை ஏற்றியது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் வாத்தியக் குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் இன்னும் விந்தையானது. சாதாரண ஜெர்மன் வயலின். கடல்நீரில் ஊறி வெடித்தது. இனி வாசிக்கவும் முடியாது. 2013-இல் 9 லட்சம் பவுனுக்குச் சுத்தியல் விழுந்தது. அங்கே விற்றது ஒரு மனிதனின் நினைவு.

செல்லோவும் வில்லும்

வயலினுக்கு அண்ணன் போன்ற பெரிய கருவி செல்லோ. உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பது. ஸ்ட்ராடிவாரியின் செல்லோக்கள் அறுபதளவில்தான் எஞ்சியுள்ளன. பழங்காலத்தில் தேவாலயங்களுக்காக இவற்றை மிகப் பெரியனவாகச் செய்தார்கள். பின்னர் விரைந்த வாசிப்புக்கு ஏற்றவாறு பலவற்றை ஓரம் அறுத்துச் சிறிதாக்கினார்கள். ஆகவே, 'அறுபடாதது' என்ற ஒரு சொல்லே செல்லோவின் விலையை ஏற்றிவிடும். பெரிய உடல் என்பதால் வெடிப்பும் இடிபாடும் மிகுதி. 2004-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'ஜெனரல் கிட்' என்னும் 1684-ஆம் ஆண்டு செல்லோ திருட்டுப் போயிற்று. குப்பைத் தொட்டி ஓரத்தில் அதைக் கண்டெடுத்த ஒரு பெண்மணி, அதைக் குறுந்தட்டுகள் அடுக்கும் அலமாரியாக்கலாம் என்று எண்ணியிருந்தாராம். நல்லவேளையாகச் செய்தி தெரிந்து திருப்பிக் கொடுத்தார்.

வில்லைப் பலர் ஒரு துணைப் பொருளாகவே எண்ணுகிறோம். ஏலக் கூடத்தில் அது தனிப் பொருள், தனிப் பட்டியல். வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி எப்படியோ, வில்லுக்குப் பாரிஸ் நகரின் பிரான்சுவா சேவியர் தூர்த் அப்படி. 1835-இல் மறைந்தவர். இன்றைய வில்லின் வளைவையும் நீளத்தையும் வகுத்தவர் அவரே. அறுபது கிராம் எடையுள்ள அவருடைய குச்சி ஒன்று இலட்சம் டாலருக்கு மேல் விலைபோகிறது. அவர் தம் வில்களில் பெயர் பொறிக்கும் வழக்கமும் இல்லை. நுனியின் செதுக்கைப் பார்த்தே அடையாளம் காண்கிறார்கள். நுனி ஒடிந்து ஒட்டப்பட்டிருந்தால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கைப்பிடிக் கட்டை பிற்காலத்தில் மாற்றப்பட்டிருந்தாலும் விலை இறங்கும். குதிரைமயிருக்கு மட்டும் விலை இல்லை. அது தேய்ந்தால் மாற்றிக்கொள்வதுதான்.

நல்ல வில்லுக்குரிய மரம் பெர்னாம்புகோ. பிரேசில் நாட்டுக்கே பெயர் தந்த சிவப்புச் சாயமரம் அதுதான். காடு அழிந்து அது அருகிவிட்டதால், 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பழைய வில்லின் நுனியில் யானைத்தந்தத் தகடு இருக்கும். சிலவற்றின் கைப்பிடியில் ஆமையோடு இருக்கும். இவற்றுக்கும் சட்டம் உண்டு. பிரிட்டனில் 1975-க்கு முன் செய்த, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தந்தமுள்ள இசைக்கருவிகளை மட்டும் பதிவு செய்து விற்கலாம். ஒரு சிறு தகட்டுக்குரிய காகிதம் இல்லாமையால் அரிய வில் ஒன்று சுங்கச் சாவடியில் நின்றுவிடக்கூடும்.

ஓசைக்கு என்ன விலை?

'இவ்வளவும் சரி, அந்த வயலின்களின் நாதம் அப்படி உயர்ந்ததா?' என்று கேட்பீர்கள். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், கிளாடியா பிரிட்ஸ் என்ற அறிவியலாரும் ஜோசப் கர்டின் என்ற வயலின் கைவினைஞரும் ஒரு சோதனை நடத்தினார்கள். தேர்ந்த கலைஞர் 21 பேர். மூன்று பழைய வயலின்கள், மூன்று புதியவை. கண் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி. பழைய மரத்தின் மணம் காட்டிக் கொடுக்காமலிருக்க மோவாய்க் கட்டையில் சிறிது வாசனைத் தைலம். பெரும்பாலோரால் பழையது எது, புதியது எது என்று சொல்ல இயலவில்லை. மிகப் பலர் விரும்பியது புதிய வயலின்; மிகச் சிலரே விரும்பியது ஒரு ஸ்ட்ராடிவாரி! 2012-இல் பாரிஸ் அருகே பத்துத் தனிக்கலைஞர்களை வைத்து நடத்திய சோதனையிலும் அறுவர் புதியதையே தேர்ந்தார்கள். 'சில மணி நேரத்தில் ஒரு வயலினை அறிந்துவிட முடியாது' என்று மறுப்போரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஏலக்காரரின் சுத்தியல் ஓசைக்காக மட்டும் விழுவதில்லை என்பது தெளிவாகிவிட்டது.

இதில் பெரும் இழப்பு கலைஞர்களுக்குத்தான். மின்-ஜின் கிம் என்ற கொரிய நாட்டுப் பெண்மணி 21 வயதில், 1696-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி ஒன்றை அரும்பாடுபட்டு வாங்கினார். 2010-இல் இலண்டன் யூஸ்டன் இரயில் நிலையத்தில் அது திருடப்பட்டது. திருடர்கள் அதன் அருமை அறியாமல் 100 பவுனுக்கு விற்க முயன்றார்களாம். 2013-இல் வயலின் கிடைத்தது. ஆனால், அதற்குள் காப்பீட்டுப் பணத்தில் அவர் வேறொரு வயலின் வாங்கிவிட்டார். பழைய வயலின் மீது உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது 13 லட்சத்து 80 ஆயிரம் பவுனுக்கு ஏலம் போயிற்று. மீட்டுக்கொள்ள அவரிடம் பணம் இல்லை. தம் வயலின் பிறர் கைக்குப் போவதைப் பார்த்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ஆயினும் ஏலத்தையே குறைகூறிவிட முடியுமா? நிப்பான் அறக்கட்டளை போன்றவை வாங்கிய கருவிகளை இளங்கலைஞர்களுக்கு இரவலாக அளிக்கின்றன. முன் சொன்ன 'யோவாகிம்-மா' வயலினை விற்றது பாஸ்டன் நகரிலுள்ள ஓர் இசைக் கல்லூரி. பணம் மாணவர் உதவித்தொகைக்கு. ஒரு மாணவர் கையில் ஸ்ட்ராடிவாரி இருப்பது மேலா, பல மாணவர் கல்லூரிக் கட்டணம் கட்டுவது மேலா? கட்டணத்துக்கு நாள் எண்ணும் நம்மைக் கேட்டால் விடை எளிது. அந்த வயலினை வாசித்துப் பார்த்த மாணவரைக் கேட்டால் அவ்வளவு எளிதாக இராது.

நிற்க. நண்பரின் வயலினுக்கு வருவோம். இவ்வளவும் படித்த பின், கைவிளக்கை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்தத் துளைக்குள் பார்த்தேன். சீட்டின் அடியில், தூசி மூடிய இடத்தில், மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மேட் இன் ஜெர்மனி'. இத்தாலியில் செய்த வயலினுக்கு ஜெர்மனி எங்கிருந்து வந்தது? தங்கள் சந்தையில் வந்து இறங்கும் அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று பிரிட்டிஷார் 1887-இல் சட்டம் செய்தார்கள். அந்தக் காலத்துக்குப் பின் வந்த ஆயிரமாயிரம் வயலின்களில் இதுவும் ஒன்று.

சொல்லவே நாக்கு எழவில்லை. சொன்னேன். நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியும். அந்த வரியை அவர் படித்திருப்பார். ஆனாலும் தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு இதைத்தான் வாசிப்பாராம்" என்றார்.

நகரில் இசைக்கருவி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு போனோம். விரிந்த ஓரத்தை ஒட்டி, புதுத் தந்தி பூட்டி, வில்லுக்கு மயிர் மாற்றித் தந்தார். மேற்பலகையில் மோவாய் பட்ட இடமும் கழுத்தில் கட்டைவிரல் ஏறி இறங்கிய இடமும் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அதைத் தடவிப் பார்த்து, "நன்றாக உழைத்த வயலின்" என்றார். ஏலப் பட்டியலில் இந்தத் தேய்மானத்தைக் குறை என்று எழுதியிருப்பார்கள்.

தங்கையின் படிப்புக்கு நண்பர் இப்போது மாலை வேளைகளில் இரண்டு வீடுகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கடன் இன்னும் இருக்கிறது. இரவு உணவுக்குப் பின் என்னிடம் சரளி வரிசை கற்றுக்கொள்கிறார். வர்ணம் வந்ததும் வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்ளும்படி முன்னதாகவே சொல்லி வைத்திருக்கிறேன்.